மைப்புட்டி குறைந்த ஒன்பது நாட்கள்

கச்சிராயபாளையம் வழி,
5-6-1994, ஞாயிறு.

அன்புள்ள உங்களுக்கு,

தங்கமணியின் வணக்கம். தீமிதி அன்று நான் சொல்லாமல் விட்டது இது: “மாமா, உங்க எடது கால்ல கொப்புளம் போட்டிருக்கு.”

ஆறே சொல். பக்கத்தில் உங்கள் தங்கை பாஞ்சாலி நின்றாள், அத்தை நின்றார்கள், மேளக்காரர்கள் நின்றார்கள், பாதி ஊர் நின்றது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். இன்றைக்கு ஒன்பது நாள் ஆகிறது. அதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன். உங்கள் அப்பாவை நான் கூப்பிடுகிறபடியே மாமா என்று எழுதுகிறேன், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மே 27 வெள்ளிக்கிழமை மாலை வழக்கம்போல மாமாதான் கரகத்தோடு முதலில் இறங்கினார். உங்களுக்குத் தெரியும், மற்றவர்கள் நெருப்புக்குழியை நாலு எட்டில் ஓடிக் கடப்பார்கள். மாமா ஓடவில்லை. வரப்பில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் மாதிரி நிதானமாக நடந்தார். நடுவில் ஒரு கணம் நின்று கரகத்தைச் சரி செய்துகொண்டார். கூட்டம் கோவிந்தா என்று கத்தியது. பால்குழியில் கால் நனைத்து வெளியே வந்ததும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “எறும்பு கட்ச்ச மாதிரிகூட இல்ல!”

மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவுவது மருமகளின் வேலை என்பதால் குனிந்தேன். அவர் இடது காலைத் தூக்கியபோது சுண்டுவிரலுக்குக் கீழே, இலந்தைப் பழம் அளவு, பளபளவென்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். காப்புக் கட்டிய பத்து நாளும் விரதம் சரியாக இருந்தவனுக்குக் கால் சுடாது, சுட்டால் அவனோ அவன் வீட்டாரோ விரதத்தைக் கெடுத்தார்கள் என்பது உங்கள் ஊர்ச் சட்டம். ஆறு வருடம் முன்னால் உங்கள் பங்காளி வீரமுத்துவுக்குக் கால் வெந்தபோது, கோயில் முன்னால் வைத்து அவரை இனிக் குழியில் இறங்கக் கூடாது என்று சொன்னது மாமாதான் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மனிதரின் காலில் கொப்புளம் என்று நான் எப்படிச் சத்தமாகச் சொல்வேன்?

வீட்டுச் செய்தியும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் இதை மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பாஞ்சாலிக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. கடையில் விற்கிற பவுடர்தான் வேண்டும் என்று அடம். நுங்குத் தோலைத் தேய்த்தால் போதும் என்கிறார்கள் அத்தை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அவள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகி, பள்ளித் தோழி வந்தபோது ஒளிந்துகொண்டாள். அத்தைக்கு நடவில் நின்ற கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். கழுவி, ஈரம் போகத் துடைத்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டேன். “துடைக்கறதுக்கு ஒரு மருந்தா?” என்று கேலி செய்தார்கள். நாலாம் நாள் அரிப்பு நின்றதும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய், “எம் மருமவ தொடச்சே கொணப்படுத்துவா” என்று பெருமை.

உங்கள் பழைய பிஸ்கட் டின்தான் என் மருந்துப் பெட்டி. பஞ்சு, கத்தரிக்கோல், டிஞ்சர், கொதிக்கவைத்து வெயிலில் காயப்போட்ட வேட்டித் துண்டுகள். கள்ளக்குறிச்சி நூலகத்தில் எடுத்த முதலுதவிப் புத்தகம் மேலே இருக்கும். திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி இரண்டு முறை போய்விட்டது.

அந்தப் பெட்டி இருந்தும் மாமா அதன் பக்கம் வரவில்லை. ஆனால் என் மைப்புட்டி குறையத் தொடங்கியது. திங்கட்கிழமை பாதி, புதன்கிழமை கால். நான் அவ்வளவா எழுதுகிறேன் என்று எனக்கே சந்தேகம். வியாழன் காலை மாட்டுக்கொட்டகைப் பக்கம் சாணி மெழுகிய தரையில் நீலமாக ஒரு பாதம். இரண்டடி தள்ளி இன்னொன்று. இடது கால் மட்டும். திருடன் நொண்டியடித்துக்கொண்டு போயிருக்கிறான் என்று கத்தினாள் பாஞ்சாலி. நான் அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். வைக்கோல் போருக்குப் பின்னால் மாமா உட்கார்ந்து, கோழியிறகால் உள்ளங்காலுக்கு மை தடவிக்கொண்டிருந்தார்.

தீப்புண்ணுக்கு மை நல்லது என்று யாரோ சின்ன வயதில் சொன்னார்களாம். (இந்தக் கடிதம் ஏன் பால்பாயிண்ட் பேனாவில் இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.)

அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன், குரல் உங்களுக்குக் கேட்கட்டும். “இன்னாம்மா பாக்கற? முள்ளு குத்திக்கினுச்சி” என்றார். முள்ளுக்கு யாராவது மை போடுவார்களா என்று கேட்டேன். கோழியிறகைக் கீழே வைத்தார். பிறகு, “இந்த ஊர்ல ஒருத்தருக்கும் சொல்லாத. அந்த ஆத்தா மேல சத்தியம் பண்ணு” என்றார். செய்தேன். கவனியுங்கள், இந்த ஊரில் என்றுதான் சத்தியம். நீங்கள் ஜம்முவில் இருக்கிறீர்கள்.

உப்புப் போட்டுக் கொதித்து ஆறிய தண்ணீரில் மையைக் கழுவினேன். கொப்புளம் எப்போதோ உடைந்து, ஓரம் வெளுத்து, நடுவில் கறுத்திருந்தது. குதிகாலில் வேறு ஏதோ தட்டுப்பட்டது. பார்த்தால் கருவேல முள், பாதி விரல் நீளம், முழுக்க உள்ளே. கத்தரிக்கோல் முனையால் நெம்பி எடுத்தேன். எடுக்கும்போது மாமா என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பேப்பரில் மழைச் செய்தி படித்துக்கொண்டிருந்தார். எடுத்த முள்ளைக் காட்டினேன். “அது எப்ப?” என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. சித்திரையிலிருந்து அவர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறார், வெயில் என்றுதான் நினைத்தோம். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கொல்லைத் தென்னைக்கு அடியில், அவர் வழக்கமாக ஒதுங்குகிற இடத்தில், கட்டெறும்பு திருவிழாக் கூட்டமாக மொய்க்கிறது. மருமகள் எழுதுகிற விஷயமா இது என்று சிரிக்காதீர்கள். நெருப்பு அவரைச் சுடாமல் விடவில்லை. சுட்டது அவருக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது: சர்க்கரை உள்ளவர் காலில் புண் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. மற்ற பக்கங்கள் எல்லாம் வீட்டில் என்ன செய்யலாம் என்று சொல்கின்றன. இந்த ஒரு வரி மட்டும் உன் டின்னை மூடு என்கிறது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நாலு நாளாகக் கெஞ்சுகிறேன். “அங்க நம்ம ஊர்க்காரன் பத்து பேர் வரிசைல நிப்பான். காலு போனாலும் பரவால்ல, பேர் போவக் கூடாது” என்கிறார். காலே போய்விடும் என்று நான் சொல்லிவிட்டேன். மாமாவிடம் இப்படிப் பேசியதற்கு மன்னியுங்கள். அவரும் மன்னித்ததாகத் தெரியவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். போன விடுமுறையில் சொன்னீர்களே, பனியில் நடந்து வந்ததும் உங்கள் முகாமில் எல்லாரையும் உட்காரவைத்து, அதிகாரி ஒவ்வொருவர் காலாகத் தூக்கிப் பார்ப்பார், மறைத்தவனுக்குத்தான் தண்டனை என்று. அதை மாமாவுக்கு எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம், எனக்குத் தெரியும் என்றும் காட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தை அவர் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மூன்று முறை படிப்பார், என் பேச்சை ஒரு முறைதான் கேட்பார்.

இது உங்கள் கைக்கு வர எட்டு நாள், பதில் வர எட்டு நாள். அதுவரை அந்தக் கால் காத்திருக்காது. புதன்கிழமை சந்தைக்கு மலையிலிருந்து தேன்காரர் வேடியப்பன் வருவார். மாமா அவர் சொன்னால் கொஞ்சம் கேட்பார் என்று ஒரு நம்பிக்கை. பார்க்கலாம்.

இரவில் காலுறையைக் கழற்றிவிட்டுப் படுங்கள். உங்கள் காலை யாராவது பார்க்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரும்.

இப்படிக்கு,
தங்கமணி


கச்சிராயபாளையம் வழி,
12-6-1994, ஞாயிறு.

அன்புள்ள உங்களுக்கு,

முதல் கடிதம் இன்னும் உங்களை வந்து சேர்ந்திருக்காது. இரண்டும் ஒரே நாளில் கிடைத்தால் தேதி பார்த்துப் படியுங்கள், பின்னதை முதலில் படித்தால் மாமாவைத் தூக்கி மலைமேல் வைத்தது யார் என்று புரியாது.

புதன்கிழமை வேடியப்பன் சந்தை முடித்துவிட்டு நம் வீட்டுக்கு வந்தார், வழக்கமான இரண்டு பாட்டில் தேனோடு. மாமா கட்டிலில் போர்வையைக் காலுக்கு இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார், ஜூன் மாத வெயிலில். வேடியப்பன் மூக்கை உறிஞ்சினார். ஒன்றும் கேட்காமல் போர்வையைத் தூக்கினார். நான் கட்டிய வெள்ளைத் துணியை அவிழ்த்துப் பார்த்தார். பிறகு தேன் பாட்டிலைத் திரும்பக் கூடைக்குள் வைத்துவிட்டார்.

“ஏன்யா எடுத்து வச்சிட்ட?” என்று மாமா கேட்டார்.

“இது தேனு தடவுற காலு இல்லிங்க. ஊசி போடுற காலு. நான் தேனு விக்கிறவன், பொய்யி விக்கல” என்றார் அவர்.

அதற்குள் அத்தை உள்ளேயிருந்து வந்துவிட்டார்கள். காலைப் பார்த்தார்கள். நான் எதிர்பார்த்தது ஒப்பாரி. வந்தது வேறு. தலையில் அடித்துக்கொண்டு, “நாந்தான் பாவி! அஞ்சாம் நாளு தாளிச்சிட்டேன்!” என்றார்கள்.

காப்புக் கட்டிய நாட்களில் ஊரில் எந்த அடுப்பிலும் தாளிக்கக் கூடாதல்லவா. பத்து நாள் தாளிக்காத குழம்பு அத்தையால் தாங்க முடியவில்லையாம். ஐந்தாம் நாள் கதவைச் சாத்தி, கரண்டியில் நாலே நாலு கடுகு போட்டு, சத்தம் கேட்காமல் இருக்க மேலே தட்டை வைத்து அமுக்கிக்கொண்டார்களாம். “வெடிக்கறப்ப தட்டு ஆடுச்சிடி. அப்பவே ஆத்தா பாத்துட்டான்னு தெரியும்” என்று அழுதார்கள்.

அத்தை அழுவதைப் பார்த்துப் பாஞ்சாலியும் அழ ஆரம்பித்தாள். “நீ இல்லம்மா, நானு” என்றாள். எட்டாம் நாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் முட்டை பப்ஸ். எத்தனை என்று கேட்டார்கள் அத்தை. ஒன்று என்றாள். பிறகு, ஒன்றரை என்றாள். அரை, தோழியுடையது.

வேடியப்பன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம், “நீ இன்னாம்மா தின்ன?” என்று கேட்டார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை, உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். நான் பத்து நாளும் சைவம்தான், கடுகுகூடத் தொடவில்லை. ஆனால் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவர்கள் எல்லாரும் நம்பித் தவறினார்கள், நான் நம்பாமல் கடைப்பிடித்தேன். எது பெரிய குற்றம் என்று தெரியவில்லை. இருந்தும் மாமா குழியில் கால் வைத்த கணத்தில் நானும் கண்ணை மூடிக்கொண்டு கோவிந்தா என்றேன். அதை எதில் சேர்ப்பது என்றும் தெரியவில்லை.

வழி சொன்னவரும் வேடியப்பன்தான். மலைமேல் ஒரு அரசு சுகாதார நிலையம் இருக்கிறது, நல்ல டாக்டரம்மா, உங்க ஊர் ஆள் யாரும் பார்க்கமாட்டார்கள், கேட்டால் தேன் வாங்கப் போவதாகச் சொல்லுங்கள் என்றார். மலையில் இருப்பவர்கள் வைத்தியத்துக்குக் கீழே கள்ளக்குறிச்சிக்கு வருவார்கள். நாங்கள் கீழேயிருந்து மேலே போனோம்.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளிமலை பஸ்ஸில் மாமாவும் நானும் மட்டும். கால் தெரியாமல் இருக்க உங்கள் பட்டாளத்துப் பூட்ஸைத் தேடினார். வேண்டாம் என்று பிடுங்கி வைத்து, தளர்வாகத் துணி சுற்றிவிட்டேன். கோமுகி அணை தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் காற்று குளிர்ந்தது, அவர் முகமும் கொஞ்சம் இளகியது. மூன்றாவது வளைவில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “அவ கடுகும் இல்ல, இவ முட்டையும் இல்ல” என்றார்.

பின்னே எது என்று கேட்டேன்.

“ஏழாம் நாளு ஆலைக்கு கரும்பு லோடு போச்சில்ல. டிரைவர் ஒரு தட்டு நீட்டுனான். தோசைன்னு நெனச்சேன். ஆம்லெட்டு.”

முதல் வாயில் தெரியவில்லையா என்று கேட்டேன்.

“ரெண்டாவது வாயில தெரிஞ்சிச்சி.”

அப்புறம்?

“தட்டுல உட்டா பாவம் இல்லியா?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மாமாவும் சிரித்துவிட்டார், தீமிதிக்குப் பிறகு முதல் முறையாக. வீட்டில் நாலு பேர். மூன்று பேர் விரதத்தை முறித்தவர்கள், நாலாவது ஆள் நம்பாதவள். இந்த வீட்டை நம்பியா ஊர் கரகத்தைக் கொடுத்தது!

சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அதன் கோடியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர், கால் இரண்டையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். துண்டு விலகியது. நம் கோயில் பூசாரி நாராயணசாமி.

துண்டை மறுபடி இழுத்து மூடப் பார்த்தார், முடியவில்லை.

“தேன் வாங்க வந்தேன்” என்றார் பூசாரி.

“நானும் தேனுக்குத்தான்” என்றார் மாமா.

“இங்க தேனு நல்லா இருக்கும்.”

“ஆமா, கம்மி வெல.”

அப்போது நர்ஸ் செல்லியம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மலைக்காரர், கணீரென்ற குரல். “தீமிதிக்காரங்க ரெண்டு பேரும் உள்ள வாங்க!” என்றார்.

வருடா வருடம் வைகாசித் தீமிதி முடிந்தால் கீழேயிருந்து நாலைந்து பேர் இப்படித் தேன் வாங்க வருவார்களாம். அவர்களுக்கென்றே பஞ்சும் மருந்தும் கூடுதலாகக் கேட்டு வாங்கி வைப்பாராம். பூசாரிக்குக் கணுக்காலில் சின்னக் காயம், ஆறிக்கொண்டிருந்தது. ஆனால் மாமாவின் காலைப் பார்த்ததும் செல்லியம்மாளின் குரல் இறங்கிவிட்டது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

கண்ணாடிக் குழாயில் நீல மருந்து, அதில் மாமாவின் சிறுநீர் சில சொட்டு. விளக்கில் காட்டிச் சூடாக்கினார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, பச்சை கொஞ்சம், மஞ்சள் அதிகம் என்று செல்லியம்மாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது பச்சையில் நிற்கவில்லை, மஞ்சளிலும் நிற்கவில்லை. செங்கல் நிறத்தில் போய் நின்றது. மாமா அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “குழி நெருப்பு மாதிரி இருக்குதே” என்றார்.

டாக்டரம்மா ஒரு ஊசியை எடுத்து, மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, காலில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் கேட்டார். முழங்காலுக்குக் கீழே பாதி தூரத்திலிருந்து பதில் வரவில்லை. பல வருடமாகச் சர்க்கரை இருந்திருக்கிறது, கால் நரம்பு மரத்துப்போயிருக்கிறது, சூடு தெரிந்திருந்தால் நீங்கள் ஓடியிருப்பீர்கள், தெரியாததால் நடந்திருக்கிறீர்கள் என்று பொறுமையாகச் சொன்னார்.

“அப்ப விரதம் கெட்டதால இல்லியா?” என்று மாமா கேட்டார்.

“எனக்குச் சர்க்கரை அளக்கத்தான் கருவி இருக்குதுங்க” என்றார் அவர்.

மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, “இருவது வருசமா ஆலைக்குக் கரும்பு போட்டேன். ஒரு ஆலை உள்ளயும் ஓடிக்கினு இருந்திருக்கு” என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆனால் சீட்டு எழுதும்போது சிரிக்கவில்லை. சுண்டுவிரல் கறுத்துவிட்டது, சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் திங்கட்கிழமையே போக வேண்டும், விரலோடு நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன், இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கால் என்றார். எத்தனை நாள் முன்னால் வந்திருந்தால் விரலும் தப்பியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. அதுவும் நான் சொல்லாமல் விட்டவற்றில் ஒன்று.

திரும்பும் பஸ்ஸில் பூசாரி எங்களோடு வந்தார். பாதி மலை இறங்கியதும் மாமாவிடம் மெதுவாகச் சொன்னார்: “வீரமுத்துவும் அந்த வருசம் மலைக்குத்தான் வந்தான். அவனப் பாத்தேன், நானும் காலு வெந்து அதே பெஞ்சில உக்காந்திருந்தேன். நீ அவன நிறுத்தறப்ப நான் வாயத் தொறக்கல.”  கீழே கச்சிராயபாளையம் வரும்வரை மாமா தன் காலில் சுற்றிய துணியையே பார்த்துக்கொண்டு வந்தார். யார் யார் எதை எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே நானும் வந்தேன்.

நாளை காலை சேலம் போகிறோம். பணம் காசு இருக்கிறது, அதை நினைக்காதீர்கள். அத்தைக்கு விவரம் முழுக்கச் சொல்லியாயிற்று. சர்க்கரையால் என்று தெரிந்ததும் அவர்கள் முதலில் கேட்டது, “அப்ப கடுகு போடலாமா?” என்றுதான்.

கோபித்துக்கொண்டு கடிதம் எழுதாமல் இருந்துவிடாதீர்கள். திட்டுவதாக இருந்தாலும் இரண்டு பக்கம் திட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கமணி


கச்சிராயபாளையம் வழி,
28-5-1995, ஞாயிறு.

அன்புள்ள உங்களுக்கு,

தீமிதி முடிந்து காப்பு அவிழ்த்தாயிற்று. வீட்டில் இன்றைக்கு மீன் குழம்பு, தாளித்தது. நீங்கள் வாங்கி அனுப்பிய பேனா நன்றாக எழுதுகிறது. மைப்புட்டியை இப்போதும் பூட்டித்தான் வைக்கிறேன், பழக்கம்.

மாமா மாத்திரையைத் தவறாமல் போடுகிறார். காப்பிக்குச் சர்க்கரை கிடையாது. கேழ்வரகுக் களியைப் பார்த்து முகம் சுளிக்கிறார், சாப்பிட்டும்விடுகிறார். தினமும் விளக்கு வைப்பதற்கு முன் காலை நீட்டி, “பாரும்மா” என்கிறார். அடியில் கண்ணாடி பிடித்துப் பார்க்கிறேன். விரல் போன இடம் வழவழவென்று மூடிவிட்டது. யாராவது கேட்டால், “ஊர்ல எல்லாம் முடி காணிக்க குடுக்கறாங்க, நான் வெரலு குடுத்தேன்” என்கிறார். சேலத்திலிருந்து வந்த முதல் வாரமே அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மறைக்க வேண்டும் என்று அத்தனை பாடுபட்டவர்!

போன ஆண்டு ஆனியில் வந்த உங்கள் கடிதம், அந்தக் கால் பார்க்கிற அதிகாரியைப் பற்றியது, இன்னும் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. மடிப்பு கிழிந்துவிட்டது. அதிகாரி தலைவனாக இருந்தும் குனிந்து தொட்டுப் பார்ப்பானா என்று என்னைக் கேட்டார். உங்களுக்கே அப்படிச் செய்ததாக எழுதியிருக்கிறீர்களே என்றேன். “அப்ப நல்ல பட்டாளம்தான்” என்றார்.

காப்புக் கட்டுவதற்கு முந்தைய நாள் அவர் வீரமுத்து வீட்டுக்குத் தனியாகப் போனார். ஒரு மணி நேரம் இருந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. திரும்பி வந்து, அங்கே சர்க்கரை போடாமல் காப்பி கொடுத்தார்கள் என்று மட்டும் சொன்னார்.

எனக்கு இன்னும் அந்த மே 27-ஐ மறக்க முடியவில்லை. ஆறு சொல்லை விழுங்கினேன், ஒரு விரல் போயிற்று. மாமாவிடம் இதை ஒரு நாள் சொன்னேன். “நீ அன்னிக்கு சொல்லியிருந்தா நான் ஒன்ன அறைஞ்சிருப்பேன், போ” என்றார். சமாதானமா உண்மையா தெரியவில்லை. அதனால் இனி விழுங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன். உங்களிடமும்தான்: இரண்டு வருடம் அதிகம். இந்த விடுமுறையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வாருங்கள். அம்மனோ, உங்கள் டாக்டரோ, யார் காப்பாற்றுகிறார்களோ அவர்கள் உங்கள் பத்து விரலையும் காப்பாற்றட்டும். வந்ததும் எண்ணிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
தங்கமணி

பி.கு.: நேற்று முன்தினம் தீமிதியில் கரகம் எடுத்து முதலில் இறங்கியவர் வீரமுத்து. மாமா இறங்கவில்லை. பால்குழிக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே வந்த நாற்பத்திரண்டு பேரின் கால்களையும் மடியில் தூக்கி வைத்துப் பார்த்தார். நாலு பேருக்குக் கொப்புளம் இருந்தது. நாலு பேரும் அன்று மாலையே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு, எல்லாரும் பார்க்க, டிராக்டரில் போனார்கள்.